மன்னர் பிறந்தது நவம்பரில், லண்டனில் பிறந்தநாள் ராணுவ அணிவகுப்பு மட்டும் ஏன் ஜூனில்?

காரணம் வானிலைதான். மூன்றாம் சார்லஸ் பிறந்தது 1948 நவம்பர் 14. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட ஏழாம் எட்வர்டும் நவம்பரில் பிறந்தவர்தான். லண்டனின் நவம்பர் குளிரில் யார் வந்து நின்று பார்ப்பார்கள் என்று அவர் காலத்தில் இந்த விழாவைக் கோடைக்கு மாற்றினார்கள், அதுவே இன்றுவரை தொடர்கிறது.

ஆனால் 'ட்ரூப்பிங் த கலர்' ('கலர்' என்றால் படைப்பிரிவின் கொடி) என்ற இந்தச் சடங்கின் வேர் பிறந்தநாளில் இல்லை, போர்க்களத்தில் இருக்கிறது. வெடிமருந்துப் புகையும் கூச்சலுமாக இருக்கும் இடத்தில் தன் படை எங்கே நிற்கிறது என்று சிப்பாய்க்குத் தெரிய ஒரே வழி கொடிதான், அது நிற்கும் இடத்தில்தான் எல்லோரும் திரும்ப ஒன்றுசேர வேண்டும். அதனால் அதிகாரிகள் கொடியை ஏந்தி வரிசைகளுக்கு நடுவே மெதுவாக நடந்துபோவார்கள், ஒவ்வொருவன் கண்ணிலும் அது பதியட்டும் என்று. இன்றும் லண்டனின் ஹார்ஸ் கார்ட்ஸ் அணிவகுப்பு மைதானத்தில் நடப்பது அதேதான், எனக்கு விழாவிலேயே பிடித்த கட்டமும் அந்த மெதுநடைதான்.

1748 முதல் இது அரசரின் பிறந்தநாளோடு சேர்ந்தது, 1760இல் மூன்றாம் ஜார்ஜ் அரியணை ஏறிய பிறகு வருடாந்திர நிகழ்ச்சியானது. இப்போது 1,400க்கும் மேற்பட்ட வீரர்கள், சுமார் 200 குதிரைகள், 400 இசைக்கலைஞர்கள் கலந்துகொள்கிறார்கள். அரசரின் காவல் படைப்பிரிவுகளில் ஆண்டுக்கு ஒன்றின் கொடிக்குத்தான் இந்த மரியாதை.

அப்புறம், 1981இல் அணிவகுப்புக்குக் குதிரையில் போய்க்கொண்டிருந்த ராணி எலிசபெத்தை நோக்கி ஒரு இளைஞன் ஆறு வெற்றுத் தோட்டாக்களைச் சுட்டான். குதிரை மிரண்டது, அவர் அதைத் தட்டி அடக்கிவிட்டு மேலே போனார், விழாவும் நடந்தது.