துளைக் காகிதத்தில் ராக்டைம்: சில கேள்விகள், பதில்கள்

ராக்டைம் என்ற அமெரிக்கப் பியானோ இசையைப் பழைய பியானோ ரோல்களில் (துளை போட்ட காகிதச் சுருள்களில்) கேட்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வீட்டில் அந்தச் சுருளை மாட்டினால் கட்டைகளைத் தானே அழுத்தும் ஒரு பழைய பிளேயர் பியானோவை வைத்துக்கொண்டு பல வருடமாக மல்லுக்கட்டுகிறவன் என்பதுதான் என் தகுதி. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

சார், யூடியூபில் "ஸ்காட் ஜாப்ளின் வாசித்த மேப்பிள் லீஃப் ராக், 1916" என்று கேட்டேன். நேற்று ஸ்டுடியோவில் பதிவு செய்த மாதிரி அவ்வளவு தெளிவு. போலியா?

போலி இல்லை. ஜாப்ளின் ராக்டைம் இசையமைப்பாளர், மேப்பிள் லீஃப் அவர் எழுதியதுதான். வாசிப்பு 1916, சத்தம் புதுசு. ரோல் என்பது ஒலிப்பதிவு கிடையாது. எந்தக் கட்டையை எப்போது அழுத்த வேண்டும், எப்போது விட வேண்டும் என்று காகிதத்தில் துளை போட்டு வைத்த கட்டளை, அவ்வளவுதான். அதை இன்று ஒரு நல்ல பியானோவில் மாட்டி ஓட்டி, நல்ல மைக்கில் பிடித்திருக்கிறார்கள். கிராமபோன் இசைத்தட்டில் ஜாப்ளினின் வாசிப்பு ஒன்றுகூட இல்லை. 1917 ஏப்ரல் 1 அன்று நியூயார்க்கில் இறந்துபோனார். அதற்கு முந்தைய வருடம் வாசித்துக் கொடுத்த சில ரோல்கள்தான் அவர் கை எப்படி ஓடியது என்பதற்கு நமக்கு மிச்சம்.

'ராக்' என்பதற்கும் நம் ராகத்துக்கும் சம்பந்தம் உண்டா?

கிடையாது. தாளம் ஒழுங்காக நிற்காமல் பிய்ந்து தொங்குகிறது என்ற பொருளில் வந்த ஆங்கிலச் சொல் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

காகிதத் துளை எப்படிப் பியானோவை வாசிக்கும்? மின்சாரமா?

காற்று. ஹார்மோனியம் பார்த்திருப்பீர்கள், துருத்தி காற்றைத் தள்ளும். இங்கே நேர் எதிர், உறிஞ்சும். கீழே இருக்கும் இரண்டு பெடலை மாற்றி மாற்றி மிதித்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகும். கண் மட்டத்தில் ஒரு பித்தளைப் பட்டை, அதன் பெயர் டிராக்கர் பார். அதில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள், ஒரு கட்டைக்கு ஒன்று. அதன் மேல் காகிதம் ஒட்டினாற்போல நகரும். காகிதத்தில் துளை இல்லாதவரை ஓட்டை அடைபட்டிருக்கும். துளை வந்ததும் வெளிக்காற்று உள்ளே பாய்ந்து ஒரு வால்வைத் தூக்கும், அந்தக் கட்டைக்குரிய குட்டித் துருத்தி சட்டென்று சுருங்கும், சுத்தியல் கம்பியில் போய் அடிக்கும். இப்படி 88 குட்டித் துருத்திகள். மெதுவான இடங்களில் காதை அருகில் வைத்தால் பாட்டுக்கு அடியில் 'உஸ்' என்ற மூச்சு கேட்கும். எனக்கு அந்தச் சத்தம் பாதி சுகம்.

ஆரம்பத்தில் 65 கட்டைக்கான ரோல்கள்தான் அதிகம், கம்பெனிக்கு ஒரு அளவு. 1908 கடைசியில் பஃபலோ நகரில் தயாரிப்பாளர்கள் கூடி, பதினொன்றே கால் அங்குல அகலம், அங்குலத்துக்கு ஒன்பது துளை என்று 88 கட்டைக்கு ஒரே அளவை முடிவு செய்தார்கள். ஒரு கம்பெனி ரோல் இன்னொரு கம்பெனி பியானோவில் ஓடுவது அந்தக் கூட்டத்தின் புண்ணியம்.

ஜாப்ளின் ரோலில் கேட்பது முழுக்க அவர் வாசித்ததுதானா?

எனக்குப் பிடித்த கேள்வி. முழுக்க என்று சொல்ல முடியாது.

முதலில், பெரும்பாலான ரோல்களை யாரும் வாசிக்கவே இல்லை. அச்சிட்ட ஸ்வரத் தாளை வைத்துக்கொண்டு, ஒருவர் உட்கார்ந்து அளவுகோல் போட்டுக் குறித்துத் துளைத்தது. இவை நூல் பிடித்த மாதிரி ஒரே சீராக ஓடும். இன்னொரு வகையில், 'கையால் வாசித்தது' என்று லேபிள் இருக்கும். கலைஞர் வாசிக்க வாசிக்க இயந்திரம் காகிதத்தில் குறி போடும், அதைப் பார்த்துத் துளைப்பார்கள். ஆனால் நடுவில் ஒரு எடிட்டர் இருப்பார். தவறான ஸ்வரத்தைத் திருத்துவார், தாளத்தை நேராக்குவார். மனிதனுக்கு இரண்டு கைதான் என்பதை மறந்து மேலே ஒரு ஸ்தாயி, கீழே ஒரு ஸ்தாயி என்று சேர்த்து நிரப்புகிறவர்களும் உண்டு. மூன்று கை வேண்டியிருக்கும் இடம் காதில் பட்டால், அது அவர் வேலை.

ஜாப்ளின் பெயரில் வந்த கையால் வாசித்த ரோல்கள் ஏழு. கனரைஸ்டு கம்பெனிக்கு ஆறு: மேப்பிள் லீஃப், சம்திங் டூயிங், வீப்பிங் வில்லோ, மேக்னெடிக் ராக், பிளசன்ட் மொமன்ட்ஸ், அப்புறம் டபிள்யூ. சி. ஹேண்டியின் ஓல் மிஸ். ஏழாவது, ஏயோலியன் கம்பெனியின் யூனி-ரெக்கார்ட் வரிசையில் மறுபடியும் மேப்பிள் லீஃப்.

இரண்டு மேப்பிள் லீஃபையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். கனரைஸ்டு இஸ்திரி போட்ட சட்டை மாதிரி. யூனி-ரெக்கார்ட் தடுமாறும். இடது கை நேராகப் போகாமல் இடையிடையே சின்னச் சின்ன ஓட்டங்களைச் செருகுகிறது, சில இடங்களில் தாளம் நொண்டுகிறது. அப்போது அவருக்கு சிஃபிலிஸ் முற்றியிருந்தது. அதனால்தான் கை நடுங்குகிறது என்று ஒரு கட்சி. குறிகளைத் துளையாக்கியவர்கள் சொதப்பியிருக்கலாம் என்று இன்னொரு கட்சி. எனக்குக் கட்சி இல்லை. ஆனால் அந்த இடது கைச் செருகல்கள் அச்சுத் தாளில் கிடையாது, ஒரு எடிட்டர் உட்கார்ந்து சேர்க்கிற வகையும் அல்ல. தடுமாறினாலும் மனுஷன் தெரிவது இந்த ரோலில்தான்.

என்டர்டெயினரை ஜாப்ளினே வாசித்த ரோல் என்று ஒன்று சுற்றுகிறதே?

மேலே உள்ள ஏழில் அது இல்லை. 1902-இல் அச்சான அவருடைய பாட்டு, ரோலாகவும் வந்திருக்கிறது, ஆனால் அவர் கை அல்ல. 1973-இல் 'தி ஸ்டிங்' படம் வந்து அதை உலகப் பிரபலமாக்கிய பிறகு, எந்த ரோலைக் கண்டாலும் அவர் பெயரை ஒட்டிவிடுகிறார்கள்.

எல்லா ரோலும் ஏன் இப்படித் தலைதெறிக்க ஓடுகிறது? அந்தக் காலத்தில் அப்படித்தான் வாசித்தார்களா?

ஓட்டுகிறவர் தப்பு. ரோலின் தலைப்பில் 'டெம்போ 70' என்பது போல ஒரு எண் இருக்கும். நிமிடத்துக்கு ஏழு அடி காகிதம் ஓட வேண்டும் என்று அர்த்தம். 80 என்றால் எட்டு அடி. வேகத்தை மாற்ற ஒரு நெம்புகோல் இருக்கிறது, ஆர்வக் கோளாறில் அதைத் தள்ளிவிடுவார்கள். ஜாப்ளின் தன் அச்சுத் தாள்களிலேயே ராக்டைமை வேகமாக வாசிப்பது ஒருபோதும் சரியல்ல என்று போட்டிருக்கிறார். இன்னும் என்ன சாட்சி வேண்டும்?

இன்னொரு விஷயம். காகிதத்தை இழுத்துச் சுற்றும் உருளை ஒரே வேகத்தில் சுழலும். சுற்றச் சுற்ற உருளை தடிக்கும், தடிக்கத் தடிக்க ஒரு சுற்றுக்கு அதிகக் காகிதம் இழுபடும். அதனால் முடிவில் வேகம் கொஞ்சம் ஏறும். ரோலை ஸ்கேன் செய்து கணினியில் வாசிக்க வைக்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்காவிட்டால் விநோதமாக இருக்கும். அதனால் பதிவின் முதல் நிமிடத்தையும் கடைசி நிமிடத்தையும் காலால் தட்டி ஒப்பிட்டுப் பாருங்கள்.

கச்சேரி கேட்டுப் பழகிய காது. ராக்டைமில் எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது?

தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். இடது கை உங்களோடு சேர்ந்து தாளம் போடும்: கீழே ஒரு அடி, மேலே ஒரு கொத்து, கீழே, மேலே. வலது கை அடிக்கு நடுவில் எடுத்து, அடியைத் தாண்டி இழுத்து, எதிர்பாராத இடத்தில் இறங்கும். நம் தள்ளி எடுப்பு (அடி விழுந்தபின் பாட்டை எடுப்பது) தெரிந்தவருக்கு இது ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். ஒப்புமை அதோடு சரி. மனோதர்மத்தை இதில் தேடாதீர்கள், ஜாப்ளின் தன் ராக்குகளை எழுதியபடி வாசிக்க வேண்டிய உருப்படிகளாகத்தான் அச்சிட்டார். மேப்பிள் லீஃபில் நான்கு பகுதிகள். ஒவ்வொன்றும் இரண்டு முறை வரும், முதல் பகுதி மட்டும் இரண்டாவது முடிந்தபின் இன்னொரு தரம் தலைகாட்டும்.

அண்ணா, எல்லாம் ஒரே சத்தத்தில் தட்டையாக இருக்கிறதே. டைப்ரைட்டர் மாதிரி.

சாதாரண ரோலில் சத்த அளவுக்குக் குறிப்பு கிடையாது, தம்பி. அது மிதிக்கிறவர் காலில் இருக்கிறது. அழுத்தி மிதித்தால் உறிஞ்சல் கூடும், அடி பலமாக விழும். மெதுவாக மிதித்தால் குழையும். நல்ல கால் உள்ளவர் ஓட்டினால் டைப்ரைட்டர் என்று சொல்லமாட்டீர்கள். பாதிப் பேர் மோட்டார் பம்பை வைத்து ஓட்டிவிட்டு, பாட்டில் உயிரில்லை என்கிறார்கள். வெல்ட்டே-மிஞோன், டியோ-ஆர்ட் போன்ற கருவிகளில் சத்த ஏற்ற இறக்கத்துக்கும் துளை உண்டு, ஆனால் ராக்டைம் பெரும்பாலும் சாதாரண ரோலில்தான் வந்தது.

சுருதி கலைந்த 'சாராயக்கடைப் பியானோ' சத்தம்தான் அசலா?

இல்லை. வீட்டுப் பியானோக்களை ஒழுங்காகச் சுருதி சேர்த்துத்தான் வைத்திருந்தார்கள். காசு போட்டால் பாடும் கடைப் பியானோக்களில் கம்பிக்கும் சுத்தியலுக்கும் நடுவே உலோக முனை வைத்த பட்டையை இறக்கிக் கணகணவென்று ஒலிக்க வைத்தது உண்டு. மற்றது பின்னால் வந்த சினிமா வழக்கம்.

ரோல் விற்றால் இசையமைத்தவருக்குப் பணம் போனதா?

முதலில் சல்லிக்காசு இல்லை. 1908-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ரோலை மனிதன் கண்ணால் படிக்க முடியாது, எனவே அது பாட்டின் பிரதி ஆகாது என்று தீர்ப்புச் சொன்னது. மறுவருடமே சட்டம் மாறி, ரோலுக்கு இரண்டு சென்ட் தர வேண்டும் என்றானது. மேப்பிள் லீஃபின் அச்சுத் தாளுக்கு ஜாப்ளின் 1899-இல் ஒப்புக்கொண்டது பிரதிக்கு ஒரு சென்ட். ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரோலில் மட்டும் பிழைத்த பாட்டு ஏதாவது உண்டா?

சில்வர் ஸ்வான் ராக். ஜாப்ளின் காலத்தில் தாளாக அச்சானதற்குத் தடயமே இல்லை. 1970-இல் அவர் பெயர் போட்ட ஒரு ரோல் கிடைத்தது, அதைக் கேட்டு எழுதி அடுத்த வருடம் அச்சிட்டார்கள். அதே போல, பிளசன்ட் மொமன்ட்ஸ் ரோல் தொலைந்துவிட்டது என்றே எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2006-இல் நியூசிலாந்தில் ஒரு சேகரிப்பாளரிடம் வெளிப்பட்டது.

பழைய பொருள் கடையில் ஒரு ரோல் வாங்கினேன். ஓரம் கிழிந்திருக்கிறது. செலோடேப் போடலாமா?

வேண்டவே வேண்டாம். நானே செய்து பட்டவன். மடிப்பில் ஒட்டிய டேப் இரண்டு துளைகளை மூடிவிட்டது, அந்த இடத்தில் பாட்டு திக்கியது. பிறகு பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது ஒரு முழம் காகிதம் போயிற்று. கிழிசலோடு ஓட்டவும் கூடாது. கிழிந்த இடம் டிராக்கர் பார் மேல் வந்ததும் பத்துப் பன்னிரண்டு கட்டை ஒன்றாக அலறும், வீட்டில் எல்லோரும் ஓடி வருவார்கள். மெல்லிய காகிதத்தை மாவுப்பசை கொண்டு ஒட்டி, துளைகளைக் கத்தி முனையால் திறந்துவிடுங்கள். காகிதம் அப்பளம் மாதிரி நொறுங்கினால் பியானோவில் ஏற்றாமல் ஸ்கேன் செய்கிறவர்களிடம் கொடுங்கள்.

பியானோ கற்கிறேன். ரோலைக் கேட்டுக் கற்க முடியுமா?

கேட்டு மட்டும் அல்ல, பார்த்தும். ரோல் ஓடும்போது கட்டைகள் தானாக அமுங்கும். ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் இளவயதில், பியானோ கலைஞர் ஜேம்ஸ் பி. ஜான்சனின் 'கரோலினா ஷவுட்' ரோலை மெதுவாக ஓட்டி, அமுங்கும் கட்டைகளின் மேல் விரலை வைத்து வைத்துத்தான் அதைக் கற்றார். வேகத்தை எவ்வளவு குறைத்தாலும் சுருதி இறங்காது, அதுதான் ரோலின் வசதி. உங்களிடம் கருவி இல்லையென்றால் ரோலின் மிடி கோப்பை (எந்தக் கட்டை எப்போது என்று கணினிக்குச் சொல்லும் கோப்பு) எடுத்து, பாதி வேகத்தில் இடது கையை மட்டும் முதலில் பிடியுங்கள். வீப்பிங் வில்லோவில் ஆரம்பிக்கலாம், மேப்பிள் லீஃபை விடக் கைக்கு அடக்கமானது.