கட்டைவிரலா, இருவிரல் பிடியா?

கேள்வி: எனக்கு 52 வயது. ரிமோட்டில் இயங்கும் மாதிரி விமானங்களைப் பல ஆண்டுகளாக ஞாயிறுதோறும் பறக்கவிட்டு வருகிறேன். டிரான்ஸ்மிட்டரின் ஸ்டிக்குகள் மீது இரு கட்டைவிரல்களின் நுனியை வைத்து இயக்குவதே என் பழக்கம். விமானத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் இடப்பக்கம் இருக்கும் மோட் 2 முறையில் ஓட்டுகிறேன். சில மாதங்களாக இடது மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக வலிக்கிறது. பறக்கவிட்ட மறுநாள் தண்ணீர்ச் செம்பைத் தூக்கினால்கூடச் சுரீரென்கிறது. ஆள்காட்டி விரலையும் சேர்த்துக்கொண்டு ஸ்டிக்கைப் பிடிக்கும் ‘பிஞ்ச்’ முறைக்கு மாறச் சொல்கிறார்கள் நண்பர்கள். மாறலாமா?

பதில்: மாறலாம், ஆனால் டிரான்ஸ்மிட்டரின் எடையைக் கையிலிருந்து இறக்காமல் பிடியை மட்டும் மாற்றினால் வலி குறையாது, கூடவும் செய்யலாம். இரண்டு பிடிகளிலும் தேர்ந்த விமானிகள் இருக்கிறார்கள் என்பதால், எது சிறந்தது என்ற பழைய வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. மருத்துவருக்குத் தெரிய வேண்டியது, பெட்டியைத் தாங்குவது எது என்பதுதான்.

உங்கள் பழக்கத்தில் நான்கு விரல்களும் பெட்டியைப் பின்புறமாகத் தாங்க, கட்டைவிரல் மட்டும் தூக்கி விரிந்த நிலையில் பறத்தல் முடியும்வரை நிற்கிறது. அப்படி நிறுத்தி வைக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரே குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறை தடித்து, நாண்கள் உரசி வலிப்பதே ‘டி கெர்வைன்’ நோய். சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி கெர்வைன் 1895இல் இதை விவரித்தார். இடது கையில் மட்டும் வலி வந்ததற்கும் காரணம் ஊகிக்கக்கூடியதே: வலது ஸ்டிக் விட்டால் தானே நடுவுக்குத் திரும்பிவிடும்; த்ராட்டிலோ வைத்த இடத்தில் நிற்பது, அதை அழுத்தி நகர்த்தியபடியே அதே விரலால் ரட்டரையும் (வால் சுக்கான்) இயக்க வேண்டியிருக்கிறது. ஏதேனும் ஒரு சுவிட்சைத் தட்ட வலது கையை எடுக்கும்போது மொத்த எடையும் இடது கையில்தான் விழுகிறது.

கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நல்ல கையிலும் கொஞ்சம் இழுக்கும். ஆகவே வலது கையோடு ஒப்பிட்டு, இடது கையில் மட்டும் கடுமையாக வலித்தால் நான் சொன்ன நோய்க்கே வாய்ப்பு அதிகம். அதற்கு மாறாக, கட்டைவிரல் உள்ளங்கையில் தொடங்கும் அடிமூட்டில் வலி இருந்து, பாட்டில் மூடியைத் திருகும்போது அது கூடினால், மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். உங்கள் வயதில் அதையும் ஒதுக்கிவிட முடியாது. இந்த வேறுபாடு முக்கியம். விரல் நுனியில் 1 கிலோ விசையோடு கிள்ளினால் அடிமூட்டில் அது சுமார் 12 கிலோவாகப் பெருகும் என்பதால், தேய்மானம் உள்ளவர் பயத்தில் ஸ்டிக்கை இறுக்கிப் பிடிக்கும் பிஞ்ச் முறை அவருக்கு ஆகாது. ஸ்டிக்கின் சுருள்வில் கேட்பது மிகச் சிறிய விசை. மிச்சமெல்லாம் நம் பதற்றம்.

மாறுவதானால் முதலில் டிரான்ஸ்மிட்டரைத் தொங்கவிடும் கழுத்துப்பட்டையோ, அதைவிட நல்லதாக அதை ஏந்தி இடுப்பில் ஊன்றி நிற்கும் ட்ரேயோ வாங்குங்கள். உள்ளங்கையின் அடிப்பாகம் ட்ரேயின் விளிம்பில் படிந்து, மணிக்கட்டு மேலும் கீழும் வளையாமல் நேராக இருக்க வேண்டும். பெரும்பாலான டிரான்ஸ்மிட்டர்களில் ஸ்டிக்கின் நுனியைத் திருகி நீளத்தைக் கூட்டலாம். இருவிரல் பிடிக்குச் சற்று நீளமான ஸ்டிக் வசதி. த்ராட்டிலின் இறுக்கத்தைத் திருகாணியால் தளர்த்திக்கொள்ளுங்கள். பட்டை கழுத்தை அழுத்தினால் தோள்களில் மாட்டும் வகைக்குப் போய்விடுங்கள். கைவலியைக் கழுத்துவலியாக மாற்றிக்கொள்வதில் லாபமில்லை.

புதிய பிடியைச் சில வாரங்கள் கணினி சிமுலேட்டரில் மட்டும் பழகுங்கள். பிறகு மெதுவாகப் பறக்கும் பயிற்சி விமானத்தை, இரண்டு மூன்று தவறுகள் செய்தாலும் மீட்கும் உயரத்தில் பறக்கவிடலாம். பறந்துகொண்டிருக்கும்போது இடையில் பழைய பிடிக்குத் தாவாதீர்கள். வலி பொறுக்கவில்லையென்றால் இறக்கிவிடுவதே ஒழுங்கு.

இவை பழகும்வரை மூன்று, நான்கு வாரங்கள் பறக்கவிடுவதை நிறுத்தி, கட்டைவிரலையும் சேர்த்து அசையாமல் வைக்கும் மணிக்கட்டுப் பட்டையை அணியுங்கள். சர்க்கரை, சிறுநீரகம், வயிற்றுப்புண் தொல்லை உள்ளவர்கள் வலி மாத்திரைகளைக் கேட்காமல் விழுங்கக் கூடாது. அதன்பின்னும் குறையாவிட்டால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்; உறைக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசியில் பலருக்குக் குணமாகிறது, சர்க்கரை நோயாளிகளுக்கு மட்டும் ஓரிரு வாரம் ரத்தச் சர்க்கரை ஏறலாம். விரல்கள் மரத்துப்போனாலோ, கையிலிருந்து பொருட்கள் நழுவினாலோ, வீக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ அந்த நான்கு வாரத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.