கேள்வி பதில்: தரங்கம்பாடியின் கடலோர வீடுகள்

கேள்வி: தரங்கம்பாடிக் கோட்டைக்குச் செல்லும் அரச வீதியில் தூண் வைத்த பழைய வீடுகள் வரிசையாக இருக்கின்றன. அவை டென்மார்க் கட்டடக்கலையைச் சேர்ந்தவையா? (மன்னார்குடி வாசகர்)

பதில்: தெருவை வகுத்தவர்கள் டேனியர்கள், சுவரை எழுப்பியது பெரும்பாலும் நம் கொத்தனார்களின் கைவேலை. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் 1620-இல் இசைவு பெற்று டேனியர்கள் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். பின்னர் மதில் சூழ்ந்த ஊர் ஒன்றும் உருவாயிற்று. 1792-இல் கட்டிய நகர வாயிலில் நுழைந்தால், நேரான வீதி கடலை நோக்கிச் செல்வதைக் காணலாம். ஒத்த அளவில் அமைந்த சன்னல்களும் முக்கோண முகப்புகளும் ஐரோப்பியச் சாயல்தான். ஆனால் செங்கல்லும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் இந்தக் கரையோரத்தவை. வெயிலுக்கு ஒதுங்கத் தூண்கள் தாங்கும் தாழ்வாரத்தை டென்மார்க்கின் குளிர் ஊர்களில் எவரும் தேடமாட்டார்கள். கோட்டைக்கு எதிரே உள்ள ஆளுநர் மாளிகையின் தூண் வரிசையே இதற்குச் சான்று.

மேலே பார்க்கத் தவறாதீர்கள். நெருக்கமாக அடுக்கிய தேக்கு உத்தரங்களின் மீது சிறு செங்கற்களைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து இறுக்கும் ‘மெட்ராஸ் டெரஸ்’ கூரை அது. அந்தக் கூரைக்கு ஈடான குளிர்ச்சியைக் கான்கிரீட் தருவதில்லை என்பது என் கருத்து.

கேள்வி: இத்தனை அழகான தெரு ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது? (அதே வாசகர்)

பதில்: 1845-இல் டென்மார்க் இந்த ஊரையும் வங்கத்துச் செராம்பூரையும் சேர்த்து ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 12.5 லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டது. சில ஆண்டுகள் தஞ்சை மாவட்ட ஆட்சியரின் இருக்கையாக இருந்தபோதும், 1861-இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் வணிகம் அங்கே நகர்ந்தது. புதிதாகக் கட்டப் பணமில்லாததால்தான் பழையவை இடிபடாமல் தப்பின என்று சொல்லத் தோன்றுகிறது.

கேள்வி: இத்தகைய வீட்டுச் சுவரில் உப்புப் பூத்து உதிர்கிறது, சிமெண்ட் பூசலாமா? (காரைக்கால் வாசகி)

பதில்: வேண்டாம். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும்; சிமெண்ட் அதைத் தடுத்துவிடும். அடைபட்ட ஈரத்தோடு வந்த உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கல்லையே அரித்துத் தூளாக்கும். உதிர்ந்த பகுதியைச் சுரண்டி, செங்கல்லைக் காயவிட்டு, நன்றாக ஊறிய சுண்ணாம்பில் மணல் சேர்த்துப் பூசுங்கள். கடுக்காய் நீர் சேர்க்கும் வழக்கம் தெரிந்த கொத்தனார் கிடைத்தால் விடாதீர்கள். கூலி சற்றுக் கூடுதலாகக் கேட்பார், கொடுக்கலாம்.