டெக்ஸாஸ் வெள்ளிக்கிழமைகளும் கோச் டெய்லரின் கடைசி முடிவும்

தம்பி, கோவையிலிருந்து டெக்ஸாஸில் டல்லஸை ஒட்டிய இர்விங் வந்து சேர்ந்த சூட்டோடு, ஆபீஸ் நண்பர் சொன்னார் என்று ‘ஃப்ரைடே நைட் லைட்ஸ்’ தொடரை ஐந்து சீசனும் பார்த்து முடித்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள். பள்ளிப் பிள்ளைகள் ஆடும் அமெரிக்க ஃபுட்பாலுக்கு ஊரே கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்புவது நிஜம்தானா? ஒன்பதாவது படிக்கும் மகன் டீமில் சேரணும் என்கிறானே, விடலாமா? கடைசி எபிசோடில் மேட்ச் முடிவைக்கூடக் காட்டாமல் கதை பிலடெல்ஃபியாவுக்குத் தாவியது ஏன், தொடரின் நாயகரான கோச் எரிக் டெய்லர் மாதிரி ஒருவர் அவ்வளவு பெரிய வேலையை உதறுவாரா? நடுவில் ஒரு வரி: கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்த உங்கள் மனைவி இப்போது, வேலை விசாவில் வந்தவரின் துணைக்குக் கிடைக்கும் எச்-4 விசாவில் வீட்டில் இருக்கிறார், அந்தக் கடைசி எபிசோடைப் பார்த்து அவர் அழுதுவிட்டார், ஏன் என்று உங்களுக்குப் புரியவில்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் நான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனாலும் நீங்கள் கேட்ட வரிசையிலேயே போகிறேன்.

நிஜம்தான். தொடரில் வரும் டில்லன் என்ற ஊர் கற்பனை. படப்பிடிப்பு பெரும்பாலும் ஆஸ்டினிலும் அதை ஒட்டிய ஊர்களிலும் நடந்தது. ஆனால் கதையின் வேர் மேற்கு டெக்ஸாஸின் எண்ணெய் ஊரான ஒடெஸாவில் இருக்கிறது. பிஸ்ஸிங்கர் என்ற பத்திரிகையாளர் குடும்பத்தோடு அங்கே போய்த் தங்கி, பெர்மியன் பள்ளி அணியின் 1988 சீசனைக் கூடவே இருந்து பார்த்து, 1990இல் புத்தகமாக எழுதினார். 2004இல் அது படமானது. 2006இல் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடராக வந்தது. ஊரைப் பற்றிப் புத்தகத்தில் இருந்த உண்மைகள் ஒடெஸாக்காரர்கள் பலருக்கு அப்போது பிடிக்கவில்லை. இனவெறி, படிப்பைப் புறந்தள்ளியது, பதினேழு வயதுப் பையன்கள் தலையில் ஊரின் மானத்தையே ஏற்றிவைத்தது என்று எல்லாவற்றையும் அவர் எழுதியிருந்தார். தொடர் அதைவிட மென்மையானது, ஆனால் அந்தப் பாரத்தை அது மறைக்கவில்லை.

நம் பக்கத்துப் புறநகர்களில் யாரும் கடையைப் பூட்டுவதில்லை. ஆனால் வெள்ளி சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எந்தப் பள்ளி ஸ்டேடியம் இருக்கும் சாலையிலும் கார் நகராது. ஆலன் ஊரில் ஒரே ஒரு உயர்நிலைப் பள்ளி. அதற்கு 2012இல் சுமார் 6 கோடி டாலர் செலவில் 18,000 பேர் உட்காரும் ஸ்டேடியம் கட்டினார்கள். ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டு ஒப்புக்கொண்ட கடன் பத்திரப் பணம் அது, அவர்கள் சொத்து வரியிலிருந்து அடைபடுவது. 2014இல் கான்கிரீட்டில் விரிசல் கண்டு மூடி, சரிசெய்து மறுபடி திறந்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவா என்று நமக்கு மலைப்பாக இருக்கும். அங்கே போய் உட்கார்ந்து பார்த்த பிறகும் எனக்கு அந்த மலைப்பு போகவில்லை. ஆனால் எதற்காகக் கட்டினார்கள் என்பது புரிந்தது.

வெள்ளிக்கிழமை ஏன் என்றால், சனிக்கிழமை கல்லூரிகளுக்கு, ஞாயிறு தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லுக்கு. இதற்குச் சட்டமே துணை இருக்கிறது. 1961இல் வந்த விளையாட்டு ஒளிபரப்புச் சட்டத்தின்படி, செப்டம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை வெள்ளி இரவுகளில் என்.எஃப்.எல். ஆட்டங்களை டிவியில் ஒளிபரப்பினால், ஒளிபரப்பு உரிமையை அணிகள் கூட்டாக விற்க அந்த லீக்குக்குக் கிடைத்திருக்கும் சட்டப் பாதுகாப்பு செல்லாது. அதனால்தான் அவ்வளவு பணம் புழங்கும் தொழில்முறை ஆட்டம் பள்ளிப் பிள்ளைகளின் ராத்திரிக்குப் பெரும்பாலும் வழிவிட்டு நிற்கிறது. இந்த நாட்டில் எனக்குப் பிடித்த சட்டங்களில் இது ஒன்று.

உங்களுக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. முதல் சீசனின் கடைசி எபிசோடில் டில்லன் அணி மாநில இறுதி ஆட்டம் ஆடுவது டெக்ஸாஸ் ஸ்டேடியத்தில். கூரை நடுவில் பெரிய திறப்போடு இருந்த அந்த ஸ்டேடியம் உங்கள் இர்விங்கில்தான் நின்றது. டல்லஸின் என்.எஃப்.எல். அணியான கௌபாய்ஸ் 2008 வரை அங்கேதான் ஆடியது. 2010இல் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். இப்போது மாநில இறுதி ஆட்டங்கள் டிசம்பரில் பக்கத்து ஆர்லிங்டனில், கௌபாய்ஸின் புது ஸ்டேடியத்தில் நடக்கின்றன. டிக்கெட் வாங்கிப் போகலாம், நாள் முழுக்க வெவ்வேறு பிரிவுகளின் ஆட்டம் நடக்கும்.

அதற்கு முன்னால் உங்கள் பள்ளி ஆட்டத்துக்கே மூன்று பேருமாக ஒருமுறை போய்வாருங்கள். பை கொண்டுபோனால் உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பையாக இருக்கட்டும், மற்றதை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். உங்கள் பள்ளி நிறத்தைப் பார்த்து அந்தப் பக்கத்து இருக்கையில் உட்காருங்கள். ஆட்டம் புரியவில்லை என்று கவலைப்பட வேண்டாம். நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு, இவ்வளவு தெரிந்தாலே முதல் நாளுக்குப் போதும்.

பாதி ஆட்டத்தில் மட்டும் எழுந்து கடைக்குப் போய்விடாதீர்கள். அதுதான் பள்ளியின் பேண்ட் வாத்தியக் குழு மைதானத்தில் இறங்கும் நேரம். என் மகள் நாலு வருடம் கிளாரினெட்டோடு அந்தப் புல்தரையில் நடந்தவள். ஆகஸ்ட் வெயிலில், ஃபுட்பால் மைதானத்தின் கோடுகள் அப்படியே வரையப்பட்ட கார் நிறுத்துமிடத்துத் தார்த்தரையில், காலை ஏழு மணிக்கே பயிற்சி ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு பிள்ளைக்கும் எத்தனை எட்டில் எந்தப் புள்ளியில் நிற்க வேண்டும் என்ற கணக்கு எழுதிய தாள் இடுப்பில் தொங்கும். தப்பினால் மொத்த வரிசையும் முதலிலிருந்து. கேலன் குடத்தில் தண்ணீர் கொடுத்தனுப்புவோம், பத்து மணிக்குக் காலியாகத் திரும்பும். தொடரில் பேண்ட் ஒரு ஓரத்தில் வந்து போகும், அவ்வளவுதான். நிஜத்தில் நம் குடும்பங்கள் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வெள்ளிக்கிழமைக்குள் நுழைகின்றன. பேண்ட் பெற்றோர் சங்கம் நடத்தும் தின்பண்டக் கடையில் நானும் நின்றிருக்கிறேன். சோளச் சிப்ஸ் பாக்கெட்டைப் பக்கவாட்டில் கிழித்து, அதற்குள்ளேயே மாட்டிறைச்சிச் சில்லியையும் சீஸையும் ஊற்றி, ஒரு கரண்டியைச் செருகிக் கொடுக்க வேண்டும். சைவம் என்றால் நாச்சோஸ். அந்த ஜன்னலுக்குப் பின்னால் நின்ற ஒரு சீசனில் இந்த ஊரில் எனக்குக் கிடைத்த பழக்கம், அதற்கு முந்தைய வருடங்கள் எல்லாம் சேர்ந்தும் கிடைத்ததில்லை. டாக்டர், பிளம்பர், ஸ்கூல் போர்டு உறுப்பினர் எல்லாரும் அந்த வரிசையில்தான் வந்து நின்றார்கள்.

பழைய மாணவர்களை வரவேற்கும் ஹோம்கமிங் வாரத்தில் பெண் பிள்ளைகள் நெஞ்சிலிருந்து முழங்கால்வரை தொங்கும் ரிப்பன் மாலை போட்டுக்கொண்டு வருவார்கள். நடுவில் பெரிய செவ்வந்தி, இப்போதெல்லாம் பட்டுத்துணிப் பூ, கூடவே குட்டிக் கரடி பொம்மை, சின்னச் சின்ன மணிகள். பையன்கள் கையில் சின்னதாகக் கட்டிக்கொள்வார்கள். அன்றைக்குப் பள்ளி வராந்தா முழுக்க மணிச்சத்தமாக இருக்கும். மகன் ஏதாவது கேட்டால் திட்டாமல் வாங்கிக் கொடுங்கள்.

இனி மகன் விஷயம். இங்கே பையன்கள் ஏழாம் வகுப்பிலேயே பள்ளி டீமில் ஆட ஆரம்பித்துவிடுகிறார்கள், அதனால் உங்கள் மகன் இரண்டு வருடம் பின்னால் நிற்கிறான். அதற்காக வழி அடைந்துவிடவில்லை. ஒன்பதாம் வகுப்புக்குத் தனி டீம் இருக்கும், அது பெரும்பாலும் வியாழன் சாயங்காலம் ஆடும். விளக்கு, கூட்டம், பேண்ட் எல்லாம் மேல் வகுப்புப் பையன்கள் ஆடும் வார்சிட்டி அணிக்குத்தான். இந்த சீசன் ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டதால், கோச்சுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, ஜனவரியில், ஆட்டம் இல்லாத மாதங்களுக்கான ஆஃப்-சீசன் வகுப்பில் சேரலாமா என்று கேளுங்கள். அது பள்ளி நேரத்திலேயே ஒரு பீரியடாக இருக்கும், ஓட்டமும் எடைப் பயிற்சியும் நடக்கும். அதற்கு முன் டாக்டரிடம் உடல் தகுதிப் படிவம் வாங்க வேண்டும். மகன் நம்மூர் கால்பந்து ஆடியவன் என்றால் அதையும் சொல்லுங்கள், பந்தை உதைக்கத் தெரிந்தவனை எந்த கோச்சும் ஒருமுறை உதைத்துக் காட்டச் சொல்வார்.

படிப்பு கெடுமா என்ற பயம் உங்கள் எழுத்தில் தெரிகிறது. 1984 முதல் இங்கே ஒரு மாநிலச் சட்டம் உண்டு: மதிப்பெண் காலத்தில் ஏதாவது ஒரு பாடத்தில் 70க்குக் கீழே போனால் ஆட முடியாது. இப்போது மூன்று வாரத் தடை, அதற்குள் தேறினால் மறுபடி சேரலாம். இது பேச்சுக்கு இருக்கும் விதி இல்லை. பெர்மியனை அரையிறுதியில் தோற்கடித்து 1988இல் மாநிலப் பட்டம் வென்ற டல்லஸ் கார்ட்டர் பள்ளி, ஒரு மாணவரின் அல்ஜீப்ரா மதிப்பெண் வழக்கில் சிக்கி அந்தப் பட்டத்தையே இழந்தது.

அடிபடுவதைப் பற்றி நான் மழுப்ப மாட்டேன். முதல் எபிசோடிலேயே ஜேசன் ஸ்ட்ரீட் என்ற பையனின் தண்டுவடம் போய்விடுகிறது, தொடர் அவனைச் சக்கர நாற்காலியோடு கடைசிவரை மதிப்போடு நடத்துகிறது. அது அபூர்வம். ஆனால் தலையில் விழும் அடி அபூர்வம் இல்லை. மூளை அதிர்ச்சி என்ற சந்தேகம் வந்தாலே பிள்ளையை ஆட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும், டாக்டர் எழுதிக் கொடுக்காமல் திரும்ப இறக்கக் கூடாது என்று 2011 முதல் டெக்ஸாஸில் சட்டம் இருக்கிறது. சீசனில் முழு மோதலோடு நடக்கும் பயிற்சிக்கும் வாரம் 90 நிமிடம் என்று மாநில விளையாட்டு அமைப்பு வரம்பு வைத்திருக்கிறது. என் பிள்ளையாக இருந்தால், ஒரு வருடம் ஆஃப்-சீசனில் விட்டு, தலையைத் தூக்கி வைத்துத் தடுக்கக் கற்றுக்கொள்கிறானா என்று பார்த்துவிட்டுத்தான் ஹெல்மெட் போடச் சம்மதிப்பேன். தலைவலியை மறைத்தால் அன்றோடு நிறுத்தம் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். ஆடாமலே டீமோடு இருக்கவும் வழி உண்டு. காயங்களைக் கவனிக்கும் அத்லெட்டிக் ட்ரெய்னரிடம் மாணவ உதவியாளராகச் சேர்ந்து, கட்டுப் போடவும் முதலுதவி செய்யவும் கற்றுக்கொண்டு, வெள்ளிக்கிழமை மைதானத்தின் ஓரத்திலேயே நிற்கலாம்.

இப்போது கடைசி எபிசோடு. முடிவைக் காட்டவில்லை என்கிறீர்கள். காட்டியிருக்கிறார்கள், தம்பி. கோச் டெய்லரின் அணியில் பந்தை வீசும் வின்ஸ் என்ற பையன் கடைசி வினாடியில் வீசிய பந்து காற்றில் சுழன்றுகொண்டே போகிறது, வெட்டு, எட்டு மாதம் கழித்துப் பிலடெல்ஃபியா. பிறகு வின்ஸின் விரலில் சாம்பியன்ஷிப் மோதிரம் தெரியும். ஜெயித்துவிட்டார்கள். பள்ளி போர்டு செலவைக் குறைக்க ஊரின் இரண்டு அணிகளையும் ஒன்றாக்கிவிட்டதால், ஜெயித்த அந்த கிழக்கு டில்லன் அணியே, அப்போது டெய்லர் கோச்சாக இருந்த அணியே, அதன் பிறகு இல்லை. ஒன்றாகிய பெரிய அணிக்கு ஐந்து வருட ஒப்பந்தத்தோடு கோச்சாக இருக்கும்படி எரிக் டெய்லரைக் கேட்கிறார்கள். அதே நேரத்தில் அவர் மனைவி டாமிக்குப் பிலடெல்ஃபியாவில் ஒரு கல்லூரியில் மாணவர் சேர்க்கைத் தலைவராக வேலை வருகிறது.

நீங்கள் எரிக்கின் கோணத்திலிருந்தே யோசித்ததால் உங்களுக்கு அது தாவலாகத் தெரிகிறது. டாமியின் கோணத்திலிருந்து பின்னால் போய்ப் பாருங்கள். கணவர் கோச்சாக வேலை மாறும்போதெல்லாம் ஊர் மாறியவர் அவர். முதல் சீசன் முடிவிலேயே எரிக் ஆஸ்டினில் கல்லூரி வேலையை ஏற்கிறார், டாமியும் மகளும் டில்லனிலேயே இருக்க முடிவு செய்கிறார்கள், டாமி அப்போது கர்ப்பமாக இருக்கிறார். பிறகு பள்ளி ஆலோசகராக, முதல்வராக, மறுபடி ஆலோசகராக, ஃபுட்பால் கோச்சின் மனைவி என்ற பெயரைத் தாண்டி அவர் தனக்கென்று ஒரு தொழிலைக் கட்டுகிறார். கடைசியில் தன் தகுதிக்கு ஏற்ற வேலை வரும்போது, கணவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எரிக் ஒப்பந்தத்துக்குத் தயாராகும்போது டாமி அவரை வாழ்த்துகிறார். எனக்கு நீங்கள் சொல்லாத வாழ்த்தை நான் உங்களுக்குச் சொல்கிறேன் என்கிற மாதிரி. கூச்சல் இல்லை, சண்டை இல்லை. அதற்கப்புறம்தான் எரிக் மாலில் அவரைத் தேடி வந்து, ஒப்பந்தத்தை விட்டுவிட்டேன், இது உன் முறை, என்னையும் கூட்டிக்கொண்டு போவாயா என்று கேட்கிறார். 2011இல் அந்த எபிசோடுக்காக ஜேசன் கட்டிம்ஸுக்கு எழுத்துக்கான எம்மி கிடைத்தது, எரிக்காக நடித்த கைல் சாண்ட்லருக்கும் அந்த வருடம் எம்மி. இரண்டும் தகும்.

புத்தகம் எழுதிய பிஸ்ஸிங்கர் பிலடெல்ஃபியா நாளிதழ் ஒன்றின் நிருபராக இருந்தவர். அந்த வேலையை விட்டுத்தான் டெக்ஸாஸ் வந்தார். தொடர் முடிவில் கோச் எதிர்த்திசையில் போகிறார். தெரிந்தே வைத்தார்களா என்பது இருக்கட்டும், எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

உங்கள் மனைவி ஏன் அழுதார் என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை. நானும் எச்-4இல் வந்தவள்தான். என் காலத்தில் அந்த விசாவில் வேலை செய்ய அனுமதியே கிடையாது. கணவரின் ப்ராஜெக்ட் மாறியபோதெல்லாம் வீட்டைக் காலி செய்தோம், புது ஊரில் பால் எங்கே கிடைக்கும் என்பதிலிருந்து நான் தொடங்கினேன். கிரீன் கார்டு வந்து, பிறகு நான் படித்து, ஒரு பள்ளி மாவட்டத்தின் கணக்குப் பிரிவில் சேர்ந்தபோது என் கணவர் தன் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு மகளைப் பேண்ட் பயிற்சியில் விட்டுக் கூட்டிவந்தார். அதை அவர் உதவி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த மரியாதையை நான் இன்றும் நினைக்கிறேன்.

இப்போது நிலைமை சற்று மேல். உங்கள் கம்பெனி கிரீன் கார்டுக்கு மனுப் போட்டு, ஐ-140 என்ற அந்த மனுவுக்கு ஒப்புதல் வந்துவிட்டால், எச்-4இல் இருப்பவர் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், 2015 மே மாதத்திலிருந்து இந்த விதி இருக்கிறது. அதனால் கம்பெனியிடம் கிரீன் கார்டு பேச்சை இந்த வருடமே எடுங்கள், சீனியாரிட்டி வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். அதுவரை எச்-4இலேயே படிக்கலாம், அதற்குத் தடை இல்லை. அவருடைய பட்டத்தையும் மதிப்பெண் பட்டியல்களையும் இங்கே மதிப்பீடு செய்து வாங்கி வைத்துவிடுங்கள். பல்கலைக்கழகத்திலிருந்து நேராக உறையிட்டு அனுப்பச் சொல்லும் வேலை மாதக்கணக்கில் இழுக்கும். அடுத்த ப்ராஜெக்ட் வேறு மாநிலம் என்று உங்களை எப்போதாவது கேட்டால், சரி என்று சொல்லும் முன் அவரிடம் பேசுங்கள், முடிவு செய்துவிட்டு வந்து தகவலாகச் சொல்லாதீர்கள்.

வேதியியலில் என்ன நிலை, எம்.எஸ்ஸியா பிஎச்.டி.யா, எத்தனை வருடம் பாடம் நடத்தினார், ஆய்வகமா வகுப்பறையா, எதை இங்கே தொடர ஆசை என்று எழுதினால் இன்னும் தெளிவாக வழி சொல்ல முடியும். ஆனால் அதை நீங்கள் எழுத வேண்டாம் தம்பி. அவரையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.