11 கே.வி. லைன் பக்கத்தில் மாடி எடுக்கலாமா?

கேள்வி: மேடவாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டாவது மாடி எடுக்கிறோம். தெருவில் போகும் 11 கே.வி. (11,000 வோல்ட்) லைன், சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி இருக்கிறது. "நாலடி இருந்தால் போதும், சாரம் கட்டும்போது கம்பியில் பிவிசி பைப்பை மாட்டிவிடலாம்" என்கிறார் மேஸ்திரி. நம்பலாமா?

பதில்: நாலடி என்பது அவர் கற்பனையில் வந்ததில்லை. மத்திய மின்சார ஆணைய விதிகளின்படி 11 கே.வி. வரை பக்கவாட்டில் 1.2 மீட்டர், அதாவது ஏறக்குறைய நாலடி விட வேண்டும். கம்பி கட்டடத்துக்கு மேலே போனால் 3.7 மீட்டர். 33 கே.வி. என்றால் பக்கவாட்டு இடைவெளி 2 மீட்டர் ஆகிவிடும். எந்த லைன் என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், உங்கள் பகுதி மின் வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேளுங்கள்.

சிக்கல் எங்கே என்றால், நீங்கள் சுவரிலிருந்து அளந்திருக்கிறீர்கள். கட்டடத்தில் அதிகம் வெளியே நீட்டும் பாகத்திலிருந்துதான் அளக்க வேண்டும். சன்ஷேடு இரண்டடி நீட்டினால் மிச்சம் மூன்றடி. அப்போதே விதி மீறியாகிவிட்டது. கம்பியும் ஒரே இடத்தில் நிற்காது. வெயிலில் தொய்யும், காற்றில் ஆடும். அந்த ஆட்டத்தையும் சேர்த்துத்தான் 1.2 மீட்டர் மிஞ்ச வேண்டும். (அளப்பதற்கு மாடியிலிருந்து இரும்பு டேப்பை நீட்டிவிடாதீர்கள். லைனுக்கு நேர் கீழே தரையில் கோடு போட்டு, அங்கிருந்து சுவர் வரை அளந்தால் ஓரளவு தெரிந்துவிடும்.)

அப்புறம், இந்தக் கணக்கெல்லாம் கட்டி முடித்த வீட்டுக்கு. சாரம் சுவரை விட்டு மூன்று நாலடி வெளியே வரும். உங்கள் வீட்டில் அதன் ஓரப் பலகையில் நிற்பவர் கையை நீட்டினாலே கம்பி எட்டும். சென்ட்ரிங் கம்பியோ 40 அடி நீளம். கீழிருந்து ஒருவர் தூக்கிக் கொடுக்க, மேலே இருப்பவர் வாங்கித் திருப்பும்போது அதன் பின்முனை எங்கே போகிறது என்று இரண்டு பேருமே பார்ப்பதில்லை.

"ஹெச்.டி. (உயர் அழுத்த) லைன் தூரத்திலிருந்தே ஆளை இழுத்துவிடும்" என்று சொல்வார்கள். 11 கே.வி. காற்றில் தாவுவது சில சென்டிமீட்டர்தான். மற்ற இடைவெளியெல்லாம் கை தவறுவதற்கும் காற்றுக்கும் விட்டது. அதனால் ஒரு தடவை ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து அந்த இடம் பத்திரம் என்று எண்ண வேண்டாம்.

பிவிசி பைப்பை மறந்துவிடுங்கள். அது 11 கே.வி.யைத் தாங்கும் இன்சுலேஷன் கிடையாது. அதைவிட, கரண்ட் ஓடுகிற லைனில் அதை மாட்டப் போகிறவரின் உயிர்தான் முதலில் போகும். காய்ந்த மூங்கிலும் ரப்பர் செருப்பும் காப்பாற்றும் என்ற கதையும் அப்படியே.

செய்ய வேண்டியது இதுதான். லைனுக்கு அருகே கட்டுமானம் என்றால், தற்காலிக வேலையாக இருந்தாலும், மின் வாரியத்துக்கும் மின் ஆய்வாளருக்கும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வீட்டு உரிமையாளர், ஒப்பந்ததாரர் இருவருக்குமே இந்தக் கடமை உண்டு. கொடுக்கும் வரைபடத்தில் சாரத்தையும் காட்ட வேண்டும் என்று விதியே சொல்கிறது. பிரிவு ஏ.இ. (உதவிப் பொறியாளர்) வந்து பார்த்து லைனை நகர்த்தலாமா, கேபிளாக மாற்றலாமா என்று சொல்வார். செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். முணுமுணுத்துக்கொண்டே பணத்தைக் கட்டிவிடுங்கள்.

லைன்மேனைத் தனியாகப் பிடித்து "ஒரு மணி நேரம் ஆஃப் பண்ணுங்க" என்று கேட்பது வேண்டாம். முறையான ஷட்டவுனில் சப்ளையைத் துண்டித்து, கரண்ட் இல்லை என்று சோதித்து, லைனை எர்த் செய்த (மண்ணோடு இணைத்த) பிறகே வேலை தொடங்கும். எர்த் செய்யாத லைனில் எங்கோ ஒரு வீட்டு ஜெனரேட்டரிலிருந்துகூடக் கரண்ட் திரும்பி வரலாம். தானாக டிரிப் ஆன லைனும் எந்த நொடியிலும் மறுபடி சார்ஜ் ஆகலாம்.

மீறி ஏதாவது கம்பியில் பட்டுவிட்டால், பட்டவரையோ சாரத்தையோ தொடாமல் எல்லோரையும் விலக்கிவிட்டு மின் வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987-ஐ அழையுங்கள். சப்ளை நின்றது என்று அவர்கள் உறுதி சொல்லும் வரை யாரும் கிட்டப் போகக் கூடாது.