ஃபேஷன், இசை, சமகாலக் கலை மூன்றும் உண்மையிலேயே எங்கே சந்திக்கின்றன?

"பெரிய பிராண்டின் ஷோவில் ஒரு பாடகர் பாடுகிறார், அவருக்குப் பின்னால் பிரபல ஓவியர் ஒருவரின் சிற்பம் நிற்கிறது. மூன்று கலைகளின் சங்கமம் என்று எழுதுகிறார்கள். இது கலையா, விளம்பரமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் விளம்பரம்தான். ஆனால் எல்லாமே அப்படி இல்லை. நான் பிரித்துப் பார்க்கும் வழி இதுதான்: மூன்றில் ஒன்றை உருவிவிட்டால் மிச்சம் அப்படியே நிற்கிறதா? நின்றால், அவை குரூப் ஃபோட்டோவுக்காகப் பக்கத்தில் பக்கத்தில் நின்றவை, அவ்வளவுதான். ஆட்டம் கண்டால் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

2017-இல் அமெரிக்கக் கலைஞர் ஜெஃப் கூன்ஸ், லூயி வுய்ட்டான் என்ற ஆடம்பர ஃபேஷன் பிராண்டுக்காகச் செய்த கைப்பைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பையின் மேல் மோனா லிசா, அதன் மேல் பளபளக்கும் உலோக எழுத்தில் 'டா வின்சி'. படத்தை எடுத்துவிட்டாலும் பை பையாகவே இருக்கும். ஓவியத்துக்கும் அதனால் லாப நஷ்டம் எதுவும் இல்லை. எனக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை.

ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவின் 1971 ஆல்பம் 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' வேறு ரகம். ஜீன்ஸ் அணிந்த இடுப்பின் படத்தில் நிஜமான ஜிப் ஒன்றைப் பொருத்த வேண்டும் என்பது பாப் ஆர்ட் ஓவியர் ஆண்டி வார்ஹாலின் யோசனை. கிரெய்க் பிரான் என்ற வடிவமைப்பாளர் அதை உறையாகச் செய்து காட்டினார். ஜிப்பை இறக்கினால் உள்ளே உள்ளாடையின் படம். எல்லாரும் ரசித்தார்கள். சிக்கல் லாரியில் ஏற்றியபோது வந்தது. உறைகளை அடுக்கியதும் ஒன்றின் ஜிப் அடுத்த இசைத்தட்டில் பதிந்து பாட்டையே கெடுத்தது. கடைசியில் கண்டுபிடித்த வழி, அனுப்புவதற்கு முன்பே ஜிப்பைப் பாதி இறக்கிவிடுவது. அப்போது உலோகத் துண்டு தட்டின் நடுவிலுள்ள லேபிள் மேல் அழுந்தும். அங்கே பாட்டு இல்லை, பாதகமும் இல்லை. உடையின் ஒரு பாகம் நிஜமாகவே இசையில் தழும்பு போட்டது, அதற்குத் தீர்வும் யாரோ உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருந்தது. 'சங்கமம்' என்கிறவர்கள் இந்த உரசலை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் நடன மேடையில் இருக்கிறது. ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர் ரெய் கவாகுபோ தன் காம் தே கார்சோன் நிறுவனத்துக்காக 1997 வசந்த கால ஆடைத் தொகுப்பில் ஒரு விசித்திரம் செய்தார். இழுபடும் துணிக்குள் பஞ்சுப் பொதிகளை வைத்துத் தைத்தார். தோளில் ஒரு மேடு, முதுகில் ஒரு திமில், இடுப்பின் ஒரு பக்கம் மட்டும் புடைப்பு. விமர்சகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாம் அதே யோசனையைத் தன் நடனக் குழுவுக்கு உடையாகக் கேட்டார். அப்படி வந்ததுதான் 'சினாரியோ', 1997 அக்டோபரில் புரூக்ளின் அகாடமி ஆஃப் மியூசிக்கில் அரங்கேறியது. இசை டகேஹிசா கொசுகி.

கன்னிங்ஹாமின் பழக்கம் தெரிந்தால்தான் இதன் ருசி புரியும். நடனம், இசை, மேடை மூன்றையும் தனித்தனியாக உருவாக்கி, ஏறக்குறைய மேடையில்தான் ஒன்றையொன்று பார்க்க விடுவார். கண்ணாடிபோல் துல்லியமான உடல் வரிகளுக்குப் பழகிய நடனக் கலைஞர்களுக்கு, தன் உடம்பு எங்கே முடிகிறது என்ற கணக்கே இப்போது தப்புகிறது. கை இயல்பாகத் தொங்காது, நடுவில் மேடு இருக்கிறது. துணையைத் தூக்கக் கிட்டே போனால், எதிர்பார்த்த இடத்துக்கு முன்பே உடம்பு முட்டுகிறது. முதலில் கட்டமும் கோடும் போட்ட உடைகள், அப்புறம் எல்லாம் கறுப்பு, அப்புறம் எல்லாம் சிவப்பு. அமைத்த நடனம் மாறவில்லை, ஆனால் பார்ப்பவருக்கு மனித உடலாகவே தெரியாமல் போகிற கணங்கள் உண்டு. கறாராகச் சொன்னால், இங்கே இசையை உருவினால் நடனம் விழாது, ஏனென்றால் கன்னிங்ஹாம் வேண்டுமென்றே அப்படி வைத்தவர். ஆனால் உடையை உருவினால் 'சினாரியோ' என்று ஒன்று இல்லவே இல்லை.

மூன்றும் ஒரே நூலில் கோத்தது போல வருவது, ஆல்பம் உறைகளை வடிவமைத்த பீட்டர் சாவில் கதையில். பிரெஞ்சு ஓவியர் ஆன்ரி ஃபான்தான்-லாத்தூர் 1890-இல் வரைந்த ரோஜாக் கூடை ஒன்று லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அதை அப்படியே எடுத்து நியூ ஆர்டர் குழுவின் 1983 ஆல்பம் 'பவர், கரப்ஷன் அண்ட் லைஸ்' உறையின் முகப்பில் வைத்தார் சாவில். குழுவின் பெயர் இல்லை, ஆல்பத்தின் பெயர் இல்லை. ஓரத்தில் சின்னச் சின்ன வண்ணக் கட்டங்கள் மட்டும். அவை எழுத்துகளுக்கான குறியீடு, பிரித்துப் படிக்கத் தேவையான சக்கரம் பின்பக்கத்தில் இருக்கும். மெஷின் தாளத்தில் ஓடும் இசைக்கு மென்மையான பழைய ரோஜாப்பூக்கள்! இருபது வருஷம் கழித்து, 2003 குளிர்காலத் தொகுப்பில், ஆடை வடிவமைப்பாளர் ராஃப் சிமன்ஸ் சாவிலின் உறைப் படங்களை எடுத்து, 'பார்க்கா' என்ற தலைமூடி வைத்த கோட்டுகளில் போட்டார். அந்த ரோஜாக்களும் அதில் உண்டு. நடுவில் அந்த இசைத்தட்டு இல்லையென்றால், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பூங்கூடையை எந்த இளைஞனும் முதுகில் போட்டுக்கொண்டு திரிந்திருக்க மாட்டான். இன்று அந்தக் கோட்டுகளைச் சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள்.

1970-களின் பங்க் இசை பற்றி எல்லாரும் எழுதியாகிவிட்டது, அதனால் சுருக்கமாக: லண்டன் கிங்ஸ் ரோடு 430-ஆம் எண்ணில் விவியன் வெஸ்ட்வுட்டும் மால்கம் மெக்லாரனும் நடத்திய துணிக்கடை. அங்கே வேலை பார்த்த கிளென் மேட்லாக் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தார். ஜான் லைடன் பாடகராகத் தேர்வானது அந்தக் கடையின் ஜூக்பாக்ஸ் முன்னால் வாயசைத்து. குழுவின் உறைகளை வடிவமைத்த ஜேமி ரீட் செய்தித்தாளிலிருந்து வெட்டி ஒட்டிய எழுத்துகள், சிறுபத்திரிகை நடத்திய காலத்தில் அவருக்குக் கைவந்த மலிவான வழி. யாரும் யாரையும் 'கொலாபரேஷனுக்கு' அழைக்கவில்லை. ஒரே கடையில் புழங்கினார்கள், அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் பிராண்ட் பணம் வந்தாலே சந்திப்பு பொய்யா? இங்கேதான் என் அளவுகோல் என்னையே படுத்துகிறது. ஜப்பானியக் கலைஞர் டகாஷி முரகாமி 2003-இல் லூயி வுய்ட்டான் எழுத்துச் சின்னத்தை வெள்ளைப் பின்னணியில் 33 நிறங்களில் மாற்றிப் போட்டார். 2007-இல் ராப் பாடகர் கான்யே வெஸ்டின் 'கிராஜுவேஷன்' ஆல்பத்துக்கு உறை வரைந்தார். அதே வருடம் லாஸ் ஏஞ்சலிஸ் சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் நடந்த அவருடைய கண்காட்சியின் நடுவில், லூயி வுய்ட்டான் கைப்பைகளை நிஜமாகவே விற்கும் கடை ஒன்று இருந்தது. அருங்காட்சியகத்துக்குள் கல்லாப்பெட்டியா என்று பலருக்கும் கோபம். எனக்கும் முதலில் எரிச்சல்தான். ஆனால் உயர்ந்த கலைக்கும் கடைச் சரக்குக்கும் நடுவே கோடே இல்லை என்பதுதான் முரகாமி பல வருடமாகச் சொல்லிவந்தது. கடையை உருவிவிட்டால் அந்தக் கண்காட்சி தன் வாதத்தின் பாதியை இழக்கும். ஆக, கூன்ஸின் பை தோற்ற என் சோதனையில் முரகாமியின் பை தேறிவிடுகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.