பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்காதீங்க

கேள்வி: அக்கா, எனக்குக் காங்கேயம் பக்கம். வீட்டுக்காரர் நியூசிலாந்தில், சவுத்லேண்ட் பகுதியில் ஒரு பால் பண்ணையில் வேலை பார்க்கிறார். வந்து மூன்று வருசம் ஆச்சு. மாமனாருக்கு உடம்பு முடியாததால் இந்த மே மாதத்தோடு ஊருக்கே திரும்புகிறோம். சந்தோசம்தான், ஆனால் ஒரு வாரமாக எதைப் பார்த்தாலும் அழுகை வருகிறது. வந்த புதிதில் ஊர் ஹாலில் விருந்துக்கு 'ஒரு பிளேட் கொண்டு வாங்க' என்றார்கள், நாங்கள் காலித் தட்டோடு போய் நின்றோம். வீட்டில் ஏதாவது செய்து எடுத்து வருவதைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்களாம். பக்கத்துப் பண்ணைப் பெரியம்மா தன் தட்டை என் கையில் கொடுத்து, 'இது நாம ரெண்டு பேரும் கொண்டு வந்தது' என்று மேசையில் வைக்கச் சொன்னார். அவரை விட்டுவிட்டு எப்படி வருவேன்? சொந்த ஊருக்குப் போகிறவள் அழலாமா என்கிறார் வீட்டுக்காரர்.

பதில்: அழலாம் அம்மணி. எங்கள் அப்பாரு கண்ணபுரம் சந்தைக்குக் காளையைப் பிடித்துப் போவதற்கு முந்தின ராத்திரி முழுக்கக் கட்டுத்தரையிலேயே உட்கார்ந்திருப்பார். விற்றுவிட்டு வெறும் கயிற்றோடு திரும்பி வந்தால் மறுநாள் காட்டு வேலை அவரை இழுத்துக்கொள்ளும். கண்ணெதிரே நிற்கும்போதுதான் பிரிவு அதிகமாக வலிக்கிறது. உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள், மாடு வளர்த்தவருக்குப் புரியும்.

இன்னொன்று. அங்கே பால் பருவம் மே மாதத்தோடு முடிகிறது. ஜூன் 1 'மூவிங் டே', எத்தனையோ பண்ணைக் குடும்பங்கள் மாட்டையும் தட்டுமுட்டுச் சாமானையும் ஏற்றிக்கொண்டு வேறு பண்ணைக்குக் குடிபோகிற நாள். அந்தப் பெரியம்மா இப்படி எத்தனை குடும்பங்களை வழியனுப்பியிருப்பார்! நீங்களும் ஒருநாள் போய்விடுவீர்கள் என்று தெரிந்தேதான் அந்தத் தட்டை உங்கள் கையில் கொடுத்திருக்கிறார். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

சரி, இப்போது அலமாரியைத் திறந்து பாருங்கள், மூன்று வருசத்தில் அடுத்த வீட்டுப் பாத்திரம் நாலைந்தாவது தங்கியிருக்கும். நம் பக்கம் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் உண்டா? கச்சாயம் சுட்டு வைத்து, வீடு வீடாக நீங்களே போய்க் கொடுங்கள். மாடுகள் பால் வற்றி நிற்கிற நேரம், கன்று போட இன்னும் இரண்டு மாசத்துக்கு மேல் இருக்கிறது, அதனால் உட்கார்ந்து பேச எல்லோருக்கும் நேரம் கிடைக்கும். ஹாலில் ஒருநாள் அரிசிம்பருப்பு சோறு ஆக்கிப் போடுங்கள்; அரிசி, துவரம்பருப்பு, வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு எல்லாம் அங்கேயே கிடைக்கும், நெய்யை மட்டும் தாராளமாக விடுங்கள்.

பெரியம்மாவிடம் 'அடுத்த வருசம் வருவோம்' என்று சொல்லிவிடாதீர்கள், வர முடியாமல் போனால் இரண்டு பேருக்கும் சங்கடம். அதற்குப் பதில் அந்தத் தட்டுக் கதையைச் சொல்லுங்கள். எனக்கு எழுதிய இதை அவரிடம் இதுவரை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றுதான் தோன்றுகிறது.

அப்புறம், நம் கார்த்திகை விண்மீன்கூட்டத்தை அங்கே மாவோரி மக்கள் மத்தாரிகி என்பார்கள். நடுக்குளிரில், விடியும் முன்பு அது மறுபடி கண்ணில் படும்போது அவர்களுக்குப் புது வருசம். 2022 முதல் நாடு முழுக்க அதற்கு அரசு விடுமுறை. நீங்கள் அதற்குள் காங்கேயம் வந்திருப்பீர்கள். ஆனி கடைசியில் ஒருநாள் விடியுமுன் எழுந்து கிழக்கே பாருங்கள், பிறகு பெரியம்மாவுக்குப் போன் போடுங்கள். நம்மைவிட ஆறரை மணி நேரம் முன்னால் இருக்கிற ஊர், அவர் எழுந்து டீ குடித்து முடித்திருப்பார்.